நீரிழிவும் மைய நரம்புத் தொகுதியும்

நீரிழிவு என்ற மாத்திரத்தே சிறுநீரும் சீனியும் மக்கள் நினைவிற்கு வருகின்றன. யாழ்ப்பாணத்தார் சலரோகம் என்பர். கொழும்பிற் பலரும் சீனி வருத்தம் என்றே வழங்குவர். இந்நோய் முற்றினாற் கண் மங்கும், சிறுநீரகம் பழுதுறும், காலிற் புண் ஆறாது அழுகும் என்பனவற்றை வெள்ளவத்தையிலோ கொட்டாஞ்சேனையிலோ ஏட்டுக் கல்வியில்லாத முதியவரும் எடுத்துரைக்கக் கேட்கலாம். கால் விறைப்பும் எரிவும் நரம்பு பற்றியவை என்பதும் ஓரளவு தெரிந்ததே. ஆனால், அந்நரம்புகள் யாவும் சென்று சேரும் தலைமையிடமாகிய மூளையும், அதன் தொடர்ச்சியாய் முதுகெலும்பினுள் இறங்கும் முண்ணாணும் இந்நோயால் ஊறுபடுமோ என்று வினாவுவார் மிகச் சிலர். இவ்விரண்டையுமே மைய நரம்புத் தொகுதி என்பர். வினா எழாமைக்குக் காரணம் இல்லாமலில்லை. பாதத்துப் புண்ணைக் கண்ணாற் காணலாம். மூளையிற் புகுந்த கேட்டினை நோயாளி தானே உணர்தல் அரிது. உணர்வதற்குரிய கருவியே அங்குப் பழுதடைகின்றது.

மருத்துவ வரலாற்றை நோக்கின் நீரிழிவும் மூளையும் தொடக்கத்திலேயே அயலவாய் நின்றமை புலனாகும். சிறுநீரின் இனிமையையும், அதனை எறும்பு மொய்த்தலையும் சரகர், சுசுருதர் காலத்து இந்திய மருத்துவர் கண்டு மதுமேகம் எனப் பெயரிட்டனர். ஐரோப்பாவில் அவ்வினிமையை 1674 இல் நூலில் எழுதிவைத்தவர் ஒக்ஸ்போர்டில் வாழ்ந்த தோமஸ் வில்லிஸ் என்பார். மூளையின் அடியில் வளையமாய் அமைந்து குருதியைப் பங்கிடும் நாடித் தொகுதியை 1664 இல் விரித்தெழுதியவரும் அவரே. அவ்வளையம் இன்றும் வில்லிசின் வளையம் என்றே வழங்குகின்றது. நீரிழிவு கெடுக்கும் குழாய்களையும் நீரிழிவின் இனிமையையும் ஒருவரே ஆராய்ந்தும், இரண்டனுக்குமுள்ள தொடர்பு அவர்க்குத் தோன்றிற்றில்லை. தோன்றியிருத்தல் வேண்டும் என்று எதிர்பார்ப்பது அக்காலத்து அறிவு நிலையை மறந்து கூறுவதாகும்.

1849 இல் பிரான்சு நாட்டு உடற்றொழிலியலாளர் கிளோட் பேர்ணார், முயலொன்றின் பின்மூளையில் ஓரிடத்தை ஊசியாற் குத்தியபோது அதன் சிறுநீரில் வெல்லம் தோன்றியது. இதனால், நீரிழிவு மூளையினின்று பிறக்கும் நோயோ என்ற எண்ணம் பரவலாயிற்று. பின்னர், 1889 இல் மின்கோவ்ஸ்கி, வொன் மேரிங் என்ற இருவர் நாயொன்றின் சதையியை அகற்றி அதனை நீரிழிவுக்கு உள்ளாக்கிக் காட்டினர். 1922 சனவரியில் ரொறன்ரோ நகரில் இன்சுலின் முதன்முதலாக மனிதனுக்கு ஏற்றப்பட்டது. அன்றுதொட்டு ஆராய்ச்சியாளர் கருத்து முழுவதும் சதையியின்மேற் சென்றது, மூளை மறக்கப்பட்டது. அதே 1922 ஆம் ஆண்டில் அமெரிக்காவில் மைல்ஸ், றூற் என்னும் இருவர் நீரிழிவாளரின் நினைவாற்றலையும் கவனத்தையும் சோதித்து, அவை ஒத்த வயதினரினுங் குறைந்திருத்தலைக் கண்டனர். இன்சுலினின் வெற்றி முழக்கத்தில் அக்குரல் எடுபடவில்லை. நீரிழிவால் நேரும் மூளைக் கேட்டிற்குத் தனிப்பெயர் வழங்கலானது 1950 அளவிலேயே ஆகும்.

மூளை கெடுமாற்றை அறிதற்கு முதலில் மூளை உண்ணுமாற்றை அறிதல் வேண்டும். வளர்ந்த ஒருவரின் மூளை உடல் நிறையில் நூற்றுக்கு இரண்டு பங்கேயாயினும், உடல் ஓய்ந்திருக்குங்கால் செலவாகும் சத்தியில் ஏறத்தாழ ஐந்திலொரு பங்கினைத் தானே கொள்கின்றது. அதன் உணவு பெரும்பாலும் குளுக்கோசு. நாளொன்றுக்கு ஏறத்தாழ 120 கிராம், அஃதாவது மணிக்கு 5 கிராம் வேண்டும். நலமுடைய ஒருவரின் உடலிலுள்ள 5 லீற்றர்க் குருதி முழுவதிலும் ஒரு வேளையிற் காணப்படும் குளுக்கோசோ நாலரைக் கிராம் அளவினதே; ஒரு தேக்கரண்டிச் சீனி என்று கொள்ளலாம். ஈரல் இடையறாது ஈயாவிடின், ஒரு மணி நேரத்துள் மூளை மட்டுமே அதனைத் தீர்த்துவிடும் என்பது இக்கணக்காற் பெறப்படும். தசையும் ஈரலும் தமக்கெனச் சேமிப்பு வைத்திருக்கின்றன. மூளையிலுள்ள சேமிப்பு மிக அற்பம். நெடும்பட்டினியில் ஈரல் கொழுப்பினின்று ஆக்கும் கீற்றோன் பொருள்களையும் மூளை எரிபொருளாகக் கொள்ளுமெனினும், அதற்குச் சில நாட்கள் செல்லும். அன்றியும், தசைக்கலத்துள் குளுக்கோசு நுழைதற்கு இன்சுலின் வேண்டும். மூளைக்குள் நுழைதற்கு அது வேண்டுவதன்று. குருதியில் வெல்லம் மிகின் மூளையிலும் மிகும், குறையின் குறையும். கதவடைக்க வழியில்லாத வீடு போல்வது மூளை எனலாம்.

குறைவினால் வருங் கேடே விரைந்து கொல்வது. நூறு மில்லிலீற்றர்க் குருதியில் 70 மில்லிகிராமினுங் குளுக்கோசு தாழின் உடல் எச்சரிக்கும்; வியர்வை, நடுக்கம், நெஞ்சுப் படபடப்பு, கடும்பசி தோன்றும். 54 மில்லிகிராமினுந் தாழின் மூளை தடுமாறும்; பேச்சுக் குழறும்; பார்வை இரட்டிக்கும்; இயல்புக்கு மாறான சினமும் பிடிவாதமும் எழும்; பின்னர் வலிப்பும் நினைவிழப்பும் நேரும். சிலர்க்கு ஒரு பக்கத்துக் கைகால் செயலற்றுப் பாரிசவாதம் போலவே காணப்படுதலும் உண்டு. இக்காரணத்தால், வாதமென ஐயுற்று வைத்தியசாலைக்கு எடுத்துவரப்படுவோர்க்கு முதற்கண் விரல்நுனிக் குருதியில் வெல்லம் பார்த்த பின்னரே பிற சிகிச்சை தொடங்குவர்.

வெல்லக் குறைவு மூளையை என்செய்யும் என்பதற்கு மருத்துவ உலகம் தானே அறியாது நடத்திய ஒரு பெருஞ்சோதனை சான்றாக உள்ளது. வியன்னாவைச் சார்ந்த மான்பிரெட் சாக்கெல் என்பார் 1933 அளவில், மனநோயாளர்க்கு இன்சுலினை மிகையாய் ஏற்றி, வேண்டுமென்றே நினைவிழக்கச் செய்து, பின் குளுக்கோசாற் தெளிவிக்கும் முறையைப் பரப்பினார். பல நாட்டு மனநோய் வைத்தியசாலைகள் இருபதாண்டுக் காலம் இதனைக் கைக்கொண்டன. சிலர் தெளியாமலே மாண்டனர். சிலர் நினைவாற்றல் நிலையாகக் கெட்டனர். நினைவைப் பதிவுசெய்யும் இப்போகாம்பசு என்னும் பகுதியும் பெருமூளைப் புறணியுமே முதலில் அழிவன என்று கண்டனர். 1950 களின் இறுதியில் அம்முறை பயனற்றதெனத் தெளிந்து கைவிடப்பட்டது. அறிவியல் வரலாற்றில் இஃது ஒரு வெட்கக்கேடான ஏடு எனல் மிகையன்று.

இவ்விடத்துக் கொழும்புத் தமிழர் வாழ்க்கையோடு நெருங்கிய ஒன்று கூறற்பாலது. ஐப்பசியிற் கந்தசட்டி நோன்பு வருங்கால், கொச்சிக்கடைப் பொன்னம்பலவாணேசுவரத்திலும் பம்பலப்பிட்டிக் கோயில்களிலும் ஆறு நாளும் பாலோ பழமோ மட்டும் உண்டு விரதங் காக்கும் முதியோர் பலர். அவருட் பலர் நீரிழிவுக்கு மாத்திரை உண்பவர். உணவை நிறுத்துவர், மாத்திரையை நிறுத்துவதில்லை. மருந்தை விடலாகாது என்று பிள்ளைகள் கூறியதை நன்றாகவே கடைப்பிடிப்பர். கிளிபென்கிளமைட் போன்ற மாத்திரைகள் உண்டாலும் உண்ணாவிடினும் சதையியை நெருக்கி இன்சுலினைச் சுரப்பிப்பன. சிறுநீரகந் தளர்ந்த முதியவர் உடலில் அம்மருந்து நெடுநேரந் தங்கும். விளைவு, பின்னிரவில் வெல்லம் தாழ்ந்து, விடியலிற் பூசைக்கு எழவேண்டியவர் எழாமை. எழுந்தாரும் ஆடை உடுத்தத் தெரியாது நிற்பர். கேட்டதற்கு மாறுபட விடை கூறுவர். வயதுக் கோளாறு என்றும், தூக்கக் கலக்கம் என்றும், விரதத்தின் களை என்றும் வீட்டார் கருதிப் பாறணை வரை பொறுத்திருத்தல் கூடும். பொறுத்திருக்கும் ஒவ்வொரு நாழிகையும் மூளைக்கலத்தின் இழப்பாம்.

வெள்ளவத்தையின் தொடர்மாடிகளிலே, மக்கள் இலண்டனிலும் ரொறன்ரோவிலுமாக வாழ, முதியோர் இருவராகவோ தனியராகவோ இருத்தல் இன்று பெருவழக்கு. அவர்க்கு இவ்விடர் இரட்டிப்பாகும். குழறிய பேச்சைக் கேட்டு ஐயுறுதற்கு அருகில் ஒருவர் வேண்டுமன்றோ? அன்றியும், அடிக்கடி வெல்லக் குறைவுற்றவர்க்கு முற்கூறிய வியர்வை, நடுக்கம் ஆகிய எச்சரிக்கைகள் நாளடைவில் மழுங்கிவிடுகின்றன. முன்னறிவிப்பின்றியே மயங்கி வீழ்வர். குருதியமுக்கத்திற்கு உண்ணும் சில மருந்துகளும் படபடப்பை மறைப்பன. தெளிந்த நினைவுடையார்க்கு 15 முதல் 20 கிராம் வரை குளுக்கோசோ சீனியோ நீரிற் கரைத்துக் கொடுத்து, கால் மணி கழித்துக் குருதியைப் பார்த்தல் முறை. நினைவிழந்தார் வாயில் எதனையும் ஊற்றலாகாது. அது மூச்சுக்குழாயுட் புகும். 1990 என்ற எண்ணிற்கு அழைத்தால் வரும் நோயாளர் வண்டி கட்டணமற்றது. மாத்திரையால் வந்த குறைவாயின் தெளிந்தபின்னும் வைத்தியசாலையில் ஒரு நாளேனுந் தங்குதல் வேண்டும். சீனி கரைந்தபின் மாத்திரையின் வலி மீண்டும் தலைதூக்கும். உலக சுகாதார நிறுவனத்தின் இன்றியமையா மருந்துப் பட்டியல், 60 வயதைக் கடந்தார்க்குக் கிளிபென்கிளமைட் உகந்ததன்றெனக் குறித்துள்ளது. விரதத்தைக் கைவிடுக என்பது இதன் கருத்தன்று. நோன்புக்கு முன்னரே வைத்தியரைக் கண்டு மருந்தின் அளவையும் வேளையையும் மாற்றிக்கொள்ள இடமுண்டு.

மிகுதியினால் உடனே வரும் கேடு வேறு வகையது. முதியோரிற் காய்ச்சலோ வேறு தொற்றோ நேர்ந்தவிடத்து வெல்லம் 600 மில்லிகிராமையுங் கடந்து, நீர் பெருகி வெளியேறி, குருதி தடிக்கும். மூளைக்கலங்களினின்றும் நீர் உறிஞ்சப்பட்டு மயக்கமும் வலிப்பும் உண்டாம். சிலர்க்கு, சிறப்பாக ஆசிய நாட்டு மூதாட்டியர்க்கு, ஒரு பக்கத்துக் கையுங் காலும் தம் வயமின்றி வீசியாடத் தொடங்கும். வெல்லத்தைச் சீராக்கின் பெரும்பாலும் அடங்கும். சிறாரின் நீரிழிவில் அமிலம் மிகுந்து மூளை வீங்குதலும் உண்டு. அரிதாயினும் அது மிகக் கொடியது.

இனி, பல்லாண்டுகளாக ஓசையின்றி நிகழ்வதைக் காண்போம். குருதியில் மிகுந்த குளுக்கோசு புரதங்களோடு ஒட்டி அவற்றை விறைப்பாக்குகின்றது. நாடிகளின் உட்சுவர் தடித்து வழி ஒடுங்கும். பெருநாடி அடைபடின் பாரிசவாதம். மூளையின் ஆழத்திலுள்ள மயிர்போன்ற நாடிகள் அடைபடின் கடுகளவான பல சிறு அழிவுகள். பின்னையவை ஒவ்வொன்றும் வெளிக்குத் தெரியாமலே நிகழலாம். நடை தளர்தல், எண்ணம் மந்தமாதல், கணக்கில் தடுமாறல் என அவற்றின் கூட்டுவிளைவே பின்னர்த் தோன்றும். நீரிழிவாளர்க்கு நாடி அடைப்பால் வரும் வாதம் ஏனையோரினும் ஏறத்தாழ இருமடங்கு நேர்கின்றது என்பது பல நாட்டு ஆய்வுகளைத் திரட்டி 2010 இற் கண்ட முடிபு. கொழும்பு நகரிற் பேராசிரியர் தசி சாங் முதலியோர் நடத்தி 2015 இல் வெளியிட்ட ஆய்வு, வளர்ந்தோர் 1000 பேருக்கு ஏறத்தாழ 10 பேர் வாதமுற்றவர் எனக் காட்டிற்று.

தமிழுலகம் முழுவதும் அறிந்த சான்று ஒன்றுண்டு. இலங்கையின் மலைநாட்டிற் பிறந்து தமிழகத்தின் முதலமைச்சராய் விளங்கிய எம். ஜி. இராமச்சந்திரன், 1984 ஒக்டோபரிற் சென்னை அப்பலோ வைத்தியசாலையிற் சேர்க்கப்பட்டார். நீரிழிவு முற்றியதன் விளைவாகச் சிறுநீரகங்கள் செயலிழந்தன என்றனர். அதனைத் தொடர்ந்து பாரிசவாதமும் தாக்கிற்று. நியூயோர்க்கின் புறூக்ளின் பகுதிக்குக் கொண்டுசெல்லப்பட்டு மாற்றுச் சிறுநீரகம் பொருத்தப்பெற்றார். அங்கிருந்தவாறே தேர்தலில் வென்றார். 1985 பெப்ரவரியில் மீண்டார். ஆனால், திரையிலும் மேடையிலும் கோடிக்கணக்கானோர் கேட்ட அக்குரல் முன்போல் மீளவில்லை. 1987 திசெம்பர் 24 ஆம் நாள் மறையும் வரை பேச்சு இடர்ப்பட்டே வந்தது. பழுதுற்ற சிறுநீரகத்தை மாற்ற முடிந்தது. அழிந்த பேச்சு மையத்தை மாற்றுதற்கு எந்நாட்டு வைத்தியருக்கும் வழியில்லை. நீரிழிவு பிற உறுப்புக்களைத் தாக்குதற்கும் மூளையைத் தாக்குதற்கும் உள்ள வேற்றுமை இதனால் இனிது விளங்கும்.

நினைவிழப்பு நோயைப் பற்றிய செய்தி இத்துணைத் தெளிவினதன்று. நெதர்லாந்தின் றொட்டர்டாம் நகரில் 6000 க்கு மேற்பட்ட முதியோரைத் தொடர்ந்து நோக்கிய ஆய்வு, நீரிழிவாளர்க்கு அந்நோய் ஏறத்தாழ இருமடங்கு வருவதை 1999 இற் கூறிற்று. நீரிழிவு எத்துணை இளவயதிற் தொடங்குகின்றதோ அத்துணை இடர் மிகும் என்று 2021 இல் இங்கிலாந்து ஆய்வொன்று காட்டிற்று. இலங்கையில் இராகமைப் பகுதி முதியோரிடத்து நடந்து 2003 இல் வெளியான ஆய்வின்படி, 65 வயதைக் கடந்தாருள் நூற்றுக்கு நால்வர் நினைவிழப்பு நோயுடையர். நாடெங்கும் 2005 - 2006 இல் நடந்த கணிப்பில், 20 வயதிற்கு மேற்பட்டோருள் நூற்றுக்குப் பதின்மர்க்கும், நகர்ப்புறத்தில் நூற்றுக்குப் பதினாறு பேர்க்கும் நீரிழிவு காணப்பட்டது. அவருள் மூன்றிலொரு பங்கினர் அந்நாள்வரை தம் நோயை அறியாதிருந்தனர். போர் காரணமாக வடக்குக் கிழக்கு மாகாணங்கள் அக்கணிப்பில் அடங்கவில்லை. 2018 - 2019 இல் எடுத்த பிறிதொரு கணிப்பு, வளர்ந்தோருள் ஐந்திலொரு பங்கினர்க்கு மேல் நோயுடையர் எனக் கூறுகின்றது. நாடு மூப்படையுங் காலத்தில் நீரிழிவும் மிகுமாயின், இராகமையிற் கண்ட எண் எவ்வாறு மாறும் என்பது எண்ணிப் பார்க்க வேண்டிய கணக்கு.

கேடு நாடிகளின் வழியே மட்டும் வருகின்றதா, இன்சுலினே மூளையில் வேறு தொழில் ஆற்றுகின்றதா என்பதில் அறிஞர் ஒருமைப்படவில்லை. எலியின் மூளையில் இன்சுலினை ஏற்கும் வாங்கிகள் உள என்பது 1978 இல் வெளிப்பட்டது. மூளை வெல்லத்தை ஏற்றற்கு இன்சுலின் வேண்டாதாயின் இவ்வாங்கிகள் எதற்கு? நினைவு பதிதற்கும் பசி அடங்குதற்கும் அவை துணைபுரிவன என்பர். அல்சைமர் நோயையே மூன்றாம் வகை நீரிழிவு என்று 2005 முதற் சிலர் அழைக்கலாயினர். இப்பெயர் கவர்ச்சியுடையதேயன்றி நிறுவப்பட்டதன்று. மாணவர் அதனை முடிந்த முடிபாக எழுதுதல் தவறு.

அங்ஙனமாயின், வெல்லத்தை இயன்றவரை தாழ்த்தினால் மூளை காக்கப்படுமா? இவ்வினாவை நேரே சோதித்த பேராய்வு வட அமெரிக்காவில் நடந்தது. கடுங்கட்டுப்பாட்டிற்கு உட்பட்டாருள் இறப்பு மிகுந்தமையின் அப்பகுதி 2008 இல் நிறுத்தப்பட்டது. அவர்தம் மூளையின் பருமன் சிறிதளவு கூடுதலாகக் காக்கப்பட்டிருந்தும் நினைவாற்றலில் வேறுபாடில்லை என்று 2011 இல் அறிவித்தனர். மறுதலையாக, கடும் வெல்லக் குறைவுற்று வைத்தியசாலைக்குச் சென்ற முதியோர்க்கு நினைவிழப்பு நோய் பின்னர் மிகுதலை 2009 இல் வெளியான கலிபோர்னிய ஆய்வொன்று காட்டிற்று. நினைவுகெட்டார் மருந்தை மறந்தும் இருமுறை உண்டும் குறைவிற்கு ஆளாதல் இயல்பாதலின், எது காரணம் எது காரியம் என்று துணிதல் எளிதன்று. எவ்வாறாயினும், மூன்று மாதச் சராசரியைக் காட்டும் குருதிச் சோதனையில் இளையார்க்கு நூற்றுக்கு 7 என்ற எல்லையை விதிக்கும் வைத்தியர், தளர்ந்த முதியார்க்கு 8 வரை விட்டுக்கொடுப்பது இக்காரணம் பற்றியே. எண் தாழ்ந்தது கண்டு மகிழும் பிள்ளைகள் இதனை அறிதல் நன்று.

முண்ணாணைப் பற்றிய அறிவு மிக அண்மையது. கால் விறைப்பு வெளிநரம்பின் நோய் மட்டுமே என நெடுங்காலம் நூல்கள் கூறிவந்தன. இங்கிலாந்தின் செபீல்ட் நகர ஆய்வாளர் 2001 இற் காந்தவியற் படமெடுத்து, அத்தகையோரின் முண்ணாணே மெலிந்திருத்தலைக் காட்டினர். இழந்த உணர்ச்சி சிகிச்சையால் மீளாமைக்கு இதுவும் ஒரு காரணமாகலாம்.

சைவ உணவினர்க்கு இங்குத் தனியாய் ஓர் இடருண்டு. நீரிழிவுக்கு உலகெங்கும் முதலிற் கொடுக்கப்படும் மாத்திரை மெற்போமின். 1957 முதல் வழங்கும் இம்மருந்து நல்லதே. வெல்லக் குறைவை அரிதாகவே உண்டாக்கும். ஆனால், நெடுங்காலம் உண்பார்க்கு விற்றமின் பீ12 குடலால் உறிஞ்சப்படுதல் குறைகின்றது. அவ்விற்றமின் இறைச்சி, மீன், முட்டை, பால் ஆகியவற்றிலன்றி மரக்கறியில் இல்லை. மீனும் முட்டையும் உண்ணாது, பாலையும் தேநீரில் இரு கரண்டியளவாகக் குறைத்த முதியவர் பத்தாண்டு மெற்போமின் உண்பாராயின், பீ12 வற்றுதல் எதிர்பார்க்கத்தக்கது. அது வற்றின் முண்ணாணின் பின்புறத்தும் பக்கத்தும் உள்ள நரம்பிழைகள் உறையிழந்து கெடும். கால் விறைக்கும், இருட்டில் நடை தள்ளாடும், முகங்கழுவக் கண்மூடினால் விழப்பார்ப்பர், நினைவுந் தளரும். இவையெல்லாம் சலரோகத்தின் குணம் என்றே நோயாளியும், சிலவேளை வைத்தியரும் ஒதுக்கிவிடுதல் நேர்கின்றது. பிரித்தானிய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு, இக்குறைவு மெற்போமினின் பொதுவான பக்கவிளைவே என்று 2022 இல் எச்சரித்துள்ளது. குருதிச் சோதனையொன்றால் இதனை அறியலாம். ஊசியாகவோ மாத்திரையாகவோ கொடுக்கும் பீ12 விலை மலிந்தது. சில மாதத்துள் தொடங்கினால் விறைப்பும் தள்ளாட்டமும் பெரும்பாலும் நீங்கும். ஆண்டுகள் கழித்துத் தொடங்கின் மேலும் கெடாது நிற்குமேயன்றி, அழிந்த இழைகள் மீளா.